பத்துக் கால்களும் இரண்டு விரல்களும்

திருகோணமலையில் பாதிப்பேரின் முகத்தைத் தேடப்படும் குற்றவாளியின் முகமாக மாற்றிய பெருமை ஐசி அண்ணையையே சேரும். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஸ்டூடியோ வைத்து அடையாள அட்டைக்கு, ஊர்ப்பேச்சில் ஐசிக்கு, படம் எடுத்தார். அதனால் வந்த பெயர் அது.

முகம் நேரே இருக்க வேண்டும், சிரிக்கக்கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். சொல்லிக் கேட்காவிட்டால் கமராவை விட்டு எழுந்து வந்து, இரண்டு விரலால் வாய்க்குக் கீழே நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடுவார். எத்தனையோ பெரிய அதிகாரிகளின் நாடி அந்த விரல்களுக்குப் பணிந்திருக்கிறது. ஒருமுறை கலியாண வீடொன்றுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அல்பத்தைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரே வழக்கில் பிடித்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். அதன் பிறகு அவரை ஒருவரும் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை.

தன்னை மட்டும் படம் எடுக்க யாரையும் விடமாட்டார்.

நான் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இருவரும் காலையில் உப்புவெளிப் பக்கத்துக் குளத்தடிக்கு நடக்கப் போவோம். பங்குனி மாதம் ஒரு நாள், தாமரை இலைகளின் மேல் ஒரு தாமரைக்கோழி நான்கு குஞ்சுகளோடு நடப்பதைக் கண்டோம். இந்த இனத்தில் குஞ்சு வளர்ப்பது தகப்பன். தாய் முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு வேறு குடும்பம் பார்க்கப் போய்விடும்.

அதே கிழமையில்தான் கந்தோரிலிருந்து அறிவித்தலும் வந்தது: வரும் திங்கட்கிழமை இயந்திரம் இறக்கித் தாமரையை வழிக்கப்போகிறார்கள். குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. ஐசி அண்ணை அன்று தேத்தண்ணி குடிக்கவில்லை.

“தம்பி, நீங்கள்தானே கந்தோரிலை இருந்தனீங்கள். ஏதும் செய்ய ஏலாதோ?”

கோரிக்கை எப்படி எழுதினால் நிற்கும், எப்படி எழுதினால் படுக்கும் என்பது எனக்குத் தெரியும். குஞ்சுகள் பறக்கும்வரை அவை இருக்கும் மூலையை விட்டுவைக்கக் கேட்டு, நிற்கும்படி எழுதிக் கொண்டுபோனேன். பொறுப்பான உத்தியோகத்தர் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். முழுவதும் வாசித்தார்.

“எல்லாம் சரி, சேர். குஞ்சு இருக்கெண்டதுக்குப் படம் வேணும். வெள்ளிக்கிழமைக்கிடையிலை தாங்கோ.”

அவருடைய கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஐசி அண்ணை நீண்ட லென்சோடு குளக்கரையில் ஸ்டாண்டை நிறுத்தினார். பறவை நல்ல வெளிச்சத்தில் நின்றது.

“எடுங்கோ, அண்ணை.”

“பக்கவாட்டிலை நிக்குது. ஒரு காதும் தெரியேல்லை.”

“அதுக்குக் காது வெளியிலை இல்லை.”

“கந்தோரிலை உந்தக் கதை எடுபடாது, தம்பி.”

பறவை நேரே திரும்பினால் கண் தெரியாது. கண் தெரிந்தால் அது நேரே இல்லை. தகப்பன் சரியாக நின்றாலும் குஞ்சுகள் ஆளுக்கொரு இலையில் திரிந்தன. குடும்பப் படம் என்றால் குடும்பம் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. படம் ஒன்றும் எடுபடாமலே வெள்ளிக்கிழமை விடிந்தது.

அன்று காலை ஒரு கணம் எல்லாம் கூடிவந்தது. தகப்பன் கரையோரத்துக்கே வந்தது. நான்கு குஞ்சுகளும் அதன் காலடியில். ஐசி அண்ணை கமராவுக்குள் பார்த்தார்.

“நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ” என்றார்.

பறவை தூக்கவில்லை. சொல்லிக் கேட்காதவர்களுக்கு அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். கமராவை விட்டு எழுந்து, சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, குளத்துக்குள் இறங்கி, இரண்டு விரலை நீட்டியபடி நடந்தார்.

குஞ்சுகள் அலறியடித்துத் தகப்பனின் சிறகுக்குள் புகுந்தன. தகப்பன் ஓடவில்லை, அசையாமல் நின்று அவரையே பார்த்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

அவர் ஈரச் சாரத்தோடு வந்து திரையைப் பார்த்தார். குஞ்சு ஒன்றின் முகமும் இல்லை. தகப்பனின் சிறகுகளுக்குக் கீழே கால்கள் மட்டும் கொத்தாகத் தொங்கின. ஓரத்தில் அவருடைய இரண்டு விரல்கள்.

“பழுதாப் போச்சு. உந்த விரலையாவது வெட்டிப்போட்டுக் குடுப்பம்.”

“வெட்டக்கூடாது. திருத்தின படத்தைக் கந்தோரிலை ஏற்கமாட்டினம்.”

அப்படி ஒரு விதி எனக்குத் தெரிந்து இல்லை.

உத்தியோகத்தர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“குஞ்சு எங்கை, சேர்?”

“காலை எண்ணிப் பாருங்கோ, பிள்ளை.”

எண்ணினார். “பத்து.”

“ஒரு பறவைக்கு எத்தினை?”

சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை இயந்திரம் அடுத்த கரையில் இறங்கியது. இந்த மூலையை, குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் தொடவில்லை.

ஐசி அண்ணை போன வருடம் காலமானார். மரண அறிவித்தலுக்குப் படம் தேடியபோது, அவரே எடுத்து அடையாள அட்டையில் ஒட்டிய ஒன்றுதான் அகப்பட்டது. அதில் அவரும் தேடப்படும் ஆள்தான்.

என் வீட்டுச் சுவரில் இருப்பது குளத்துப் படம். அதில் அவருடைய முகம் இல்லை, காதுகள் இல்லை. ஒரு தகப்பனின் நாடியை நோக்கி நீண்ட இரண்டு விரல்கள்தான். அடையாளத்துக்கு எனக்கு அது போதும்.