இரையும் பெட்டி

“கடைச் சாவியை என்கிட்டக் குடுங்கப்பா.”

வாய் தவறிக்கூட இதைக் கேட்டுவிடாதே என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். மைக் செட் கடை அண்ணனுக்கு என்பது அவன் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான சங்கதி. எந்த ஒயர் எங்கே போகிறதென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது என்பது வேறு கதை. அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள், சாவி கேட்ட இந்த மகள்தான். படித்ததும் எலக்ட்ரானிக்ஸ்.

அப்பா கோபப்படவில்லை. அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும்.

“என் ஆம்ப்ளிஃபயர் இரையுது. அதை நிறுத்திக் காட்டு. சாவி உனக்கு.”

பழைய ரேடியோக்களைப் பிரித்து அவர் கையாலேயே செய்த பெட்டி அது. கடை பிறந்ததே அதை வைத்துத்தான். பாட்டு நின்ற பிறகும் லேசாக முனகும். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்தாலும் தூங்கவே விடமாட்டேன் என்கிறது என்று கொஞ்ச நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுதானா என்று உட்கார்ந்தாள். உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றினாள். முனகல் சுத்தமாக நின்றது.

அப்பா ஸ்பீக்கரை ஒட்டித் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். “இரையுது.”

“ஆமாப்பா, நல்லாவே இரையுது” என்றான் அண்ணன்.

அவள் காதை அவளே சந்தேகப்பட்டாள். மைக் ஒயரை மாற்றினாள். பேசுகிறவர்கள் குடத்துக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல ஆனது. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் பெட்டிக்கு வெளியே வைத்தாள். ஒயர் இடித்ததில் மூடி மூடவில்லை. திறந்த பெட்டியோடு அண்ணன் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போனான். தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ வானொலி புகுந்து மூலத்துக்கு மருந்து விற்றது. அவர் இன்னும் அண்ணனோடு பேசுவதில்லை.

“படிச்ச படிப்பு பேசுது” என்றான் அண்ணன்.

அவள் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்தாள். பழைய போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை அவளே வடிவமைத்து, கையைச் சுட்டுக்கொண்டு ஈயம் வைத்து, ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்து மூடினாள். அன்றே பெட்டியை வீட்டுக் கூடத்தில் பிளக்கில் சொருகி வைத்துவிட்டு எல்லோரையும் கூட்டினாள். அண்ணி ஒரு மூலையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சுவிட்சைத் தட்டினாள். பெட்டியின் முகப்பு விளக்கு ஃபியூஸ் ஆகி வருஷக்கணக்காகிறது. அது எரியாததை யாரும் கவனிக்கவில்லை. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

அப்பா குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது. “இரையுதும்மா. முன்னைவிட அதிகமா.”

“எனக்குத் தலையே வலிக்குதுப்பா” என்றான் அண்ணன்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. “பெட்டியில ஒண்ணும் இல்லப்பா. பொண்ணுக்குக் குடுக்க உங்களுக்கு மனசில்ல. அதை நேராச் சொல்லியிருந்தா நான் இப்படி ராப்பகலாச் செத்திருக்க மாட்டேன்.”

“சத்தியமாக் கேக்குதும்மா.” அப்பா உள்ளங்கையால் காதை அழுத்திக்கொண்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள். தூரத்து ஊரில் கிடைத்திருந்த வேலைக்கு வருகிறேன் என்று கம்பெனிக்குக் காலையிலேயே சொல்லியிருந்தாள். பையும் தயார். இரையவில்லை என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அதைப் பிரித்திருப்பாள். அம்மா கையைப் பிடித்தாள். உதறினாள். இனி இந்தப் படி மிதிப்பதில்லை என்று செருப்பை மாட்டி, ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் அண்ணியின் குரல் குழப்பத்தோடு யாரையோ கேட்டது.

“எப்படிக் கேக்கும்? அந்தப் பெட்டி பிளக்கைப் பிடுங்கிட்டுத்தானே நான் அயர்ன் பாக்ஸைச் சொருகியிருக்கேன்?”