மேலிடம் ஒப்புக்கொண்ட நீலம்

நீலம் நீலமாக இருந்தால் மட்டும் போதாது. அது மேலிடத்துக்கும் நீலமாகத் தெரிந்தாக வேண்டும். கொரியாவின் சோனான் நகரில், கைப்பேசித் திரைகளுக்கு நிறம் தரும் கரிமச் சேர்மங்களைத் தயாரித்துவந்த அந்தக் கம்பெனியில் இப்படி ஒரு விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. அதை மீறிய யாரும் அங்கே வேலையிலும் இல்லை.

மின்சாரம் பாய்ந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சேர்மமும் தன் நிறத்தில் ஒளிரும். சிவப்புக்கும் பச்சைக்கும் கெட்டி ஆயுசு. நீலம்தான் சவலைப் பிள்ளை, சீக்கிரமே மங்கிப்போகும். அந்தச் சவலையை ஒருவழியாகத் தேற்றியிருந்தாள் யுன்சோல். ஒப்பந்த ஊழியர். நீலத்துக்கு ஒப்புதல் கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் வேலையோடு, கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் அவள் மகள் சேபோமுக்கு இருக்கும் இடமும் போகும். வெளிக் காப்பகங்களில் பெயர் கொடுத்தவர்களை, பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகு கூப்பிடுவதாகக் கேள்வி.

ஒப்புதல் தருபவர் நிர்வாக இயக்குநர் தாக். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, உலகத்தையே பழுப்பு மஞ்சள் பார்லித் தேநீர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இது கம்பெனி முழுக்கத் தெரியும், அவரைத் தவிர.

யுன்சோலின் நீலம் ஒளிர்ந்த மாதிரித் திரையை உற்றுப் பார்த்தார். "என்னய்யா இது, தரை தொடச்ச தண்ணி மாதிரி அழுது வடியுது?"

"அதேதான் சார்! காலைலேர்ந்து எனக்கு வார்த்தை வராம தவிச்சேன். தரை தொடச்ச தண்ணி!" என்றார் பிரிவுத் தலைவர் போங். காலையில் அதே திரையைப் பார்த்துக் கண் கூசுகிறது என்றவரும் அவர்தான்.

"சார், கருவியில அளந்து பாத்தோம், சரியாத்தான்..." என்று ஆரம்பித்தாள் யுன்சோல்.

"கருவியா வந்து போன் வாங்கப்போகுது?" என்று எழுந்து போனார் தாக்.

வெளியே வந்ததும் போங் பிடித்துக்கொண்டார். "சேபோம் அம்மா, கரண்டை ஏத்து."

"ஏத்தினா ஆறே மாசத்துல நீலம் செத்துடும் சார்."

"உன் வேலை இந்த மாசமே செத்துடும். எது முன்னாடி வருதுன்னு பாரு."

"அவரைக் கண்ணு டாக்டர்கிட்ட போகச் சொல்லலாமே?"

"தாராளமா சொல்லு. சாமான் கட்ட அட்டைப்பெட்டி நான் கொண்டாந்து தரேன்."

ஏற்றினாள். போதவில்லை என்றார்கள்; இன்னும் ஏற்றினாள். கடைசியில் தாக் மலர்ந்தார். "இதுதான்யா நீலம்!" அறையே கைதட்டியது, எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு. அன்று மாலை பன்றி இறைச்சி சுட்டு, சோஜு மது ஊற்றி, யுன்சோலின் நிரந்தர வேலையைக் கொண்டாடினார்கள்.

திரைகள் லட்சக்கணக்கில் தயாராகி முடிந்த நேரத்தில், தாக்கின் மருமகள் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விட்டாள். கண்ணில் புது வில்லையோடு வந்தவர் திரையைப் பார்த்து அலறினார். "ஐயோ, கண்ணு அவிஞ்சுபோச்சு! எவன்யா இதுக்கு ஒப்புதல் கொடுத்தது?"

உடனடியாக உயர்மட்டக் குழு கூடியது. திரை தவறென்றால் ஒப்புதல் தவறு. ஒப்புதல் தவறென்றால் மேலிடத்துக் கண் தவறு. அது நடக்காத காரியம். ஆகவே வாடிக்கையாளர்களின் கண்கள் இன்னும் போதிய முதிர்ச்சி அடையவில்லை என்று குழு ஒருமனதாகக் கண்டறிந்தது.

முதிர்ச்சி தருவதற்காகப் போன் ஒவ்வொன்றோடும் பார்லித் தேநீர் நிறத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி இலவசம். அதன் நிறத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு யுன்சோலுக்கு.

தொலைக்காட்சி நடிகர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே சியோல் காப்பிக் கடைகளில் கண்ணாடி இல்லாத பெண்ணைக் காண முடியவில்லை. போனே வாங்காதவர்களும் கண்ணாடிக்கு வரிசையில் நின்றார்கள். ஆறு மாதத்தில் நீலம், சொன்ன வாக்கு தவறாமல், செத்தது. கண்ணாடி போட்டிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. தாக்குக்கு அரசாங்கம் பதக்கம் அறிவித்தது.

காப்பகத்திலும் குட்டிக் கண்ணாடிகள் கொடுத்தார்கள். ஒரு மாலை ஆசிரியை யுன்சோலைத் தனியே அழைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எல்லாப் பிள்ளைங்களும் வானத்துக்கு அழகா மஞ்சள் அடிக்குதுங்க. உங்க சேபோம் மட்டும் கண்ணாடியைக் கழட்டிட்டு நீலம் அடிக்கிறா. டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்படியே போனா இங்க வச்சுக்கறது கஷ்டம்னு மேல பேசிக்கறாங்க."

யுன்சோல் வாசலிலேயே மண்டியிட்டு மகளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

"செல்லம், வானம் என்ன கலர்? மஞ்சள். சொல்லு."

"நீலம்."

"வீட்டுக்குப் போயி நீலம். இங்க மஞ்சள். சரியா?"

குழந்தை கண்ணாடிக்கு மேலாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது.

"உனக்கு என்ன கலரும்மா தெரியுது?"

யுன்சோல் திரும்பி ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர் என்ன கலர்னு சொன்னாங்க?"