பதினான்கு முறை முடிந்த சைக்கிள்

பினாங்குத் தீவில் இதுவரை ஓடிய, இன்று ஓடுகிற, இனிமேல் ஓடப்போகிற எந்தச் சைக்கிளும் கிராம் என்பவருடைய சைக்கிளைப் போல அவ்வளவு காலம் ஓடாமல் நின்றதில்லை. மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் அது அவருடைய வரவேற்பறையில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, ஓர் இரும்புத் தாங்கியில் தொங்கியபடி பதினான்கு முறை கட்டி முடிக்கப்பட்டது. நான் எண்ணினேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்தவன் நான். கப்பல் இல்லாத நாளில் வேறு எதையாவது எண்ணித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் எங்கள் லோரோங்கில், அதாவது சந்தில், மொத்தம் இருபத்திரண்டு வீடு. கிராமின் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது. இப்போது அவர் கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் மகளோடு இருக்கிறார். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அதைக் கோயில் பதிவேட்டிலும் மின்சார பில்லிலும் மட்டுமே பார்க்கலாம். மற்றபடி எல்லோருக்கும் கிராம்தான். எந்தச் சாமானை வாங்கி வந்தாலும் முதல் வேலையாக அதைத் தன் மனைவி பிலோமினாவின் சமையலறைத் தராசில் வைத்துவிடுவார். பிலோமினா ஆர்டருக்குப் பழக் கேக் செய்து கொடுப்பவர். அந்தத் தராசு அவருடைய தொழில்.

"பிலோ, இங்க பாரேன். பழைய பெடலுக்கும் இதுக்கும் முப்பத்தெட்டு கிராம் கொறையுது."

"காலையில ரொட்டி சானாய் மூணு உள்ள போகுதே, அதுல ஒண்ணக் கொறைச்சா என்னவாம்?"

"அது வேற எடைலா. அது நான். இது சைக்கிள்."

'நான்' என்று அவர் சொன்னது தொண்ணூற்று மூன்று கிலோ. ஒருநாள் பேச்சுவாக்கில், "தம்பி, உங்க பையில இருக்கிற சாவிக்கொத்தே நூறு கிராம் வரும்" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே கொத்தைப் பிரித்து ஒரே ஒரு சாவியை மட்டும் வைத்துக்கொண்டார். அது வாசல் கேட்டின் சாவி. வீட்டுக் கதவின் சாவி உள்ளே இருந்தது. அந்த மாதத்தில் மட்டும் நான்கு முறை, கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே நின்றபடி பிலோமினா சந்தையிலிருந்து வருவதற்காகக் காத்திருந்தார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்தாறு வருடம் அவர் பாலத்தைக் கடந்து அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்த ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர். காலையில் தீவின் மலைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது முகத்துக்கு நேரே நிற்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஓர் ஆசை விழுந்துவிட்டது: அந்த மலை மேலிருந்து காட்டுப் பாதை வழியாகத் தீவின் மறுபுறமுள்ள பாலிக் புலாவ் பக்கம் ஒரே ஒரு முறை சைக்கிளில் இறங்க வேண்டும். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு சைக்கிள் சட்டத்தை வாங்கி வந்து கட்ட ஆரம்பித்தார். குலுக்கலைத் தாங்க முன்னால் ஒரு ஷாக், பின்னால் ஒரு ஷாக். கல்லும் வேரும் எவ்வளவு தூக்கி அடித்தாலும் ஆள் அசையாமல் இறங்குகிற சைக்கிள் அது.

கட்டிக்கொண்டிருக்கும்போதே வலது முழங்கால் போய்விட்டது. மூட்டை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று நானும் கூடப் போயிருந்தேன். கிராம் பயப்படவில்லை.

"டாக்டர், நீங்க வைக்கப் போற முட்டி எத்தன கிராம்?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையில் ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன்.

"டைட்டானியத்துல வருமா? அதுதான் லேசு."

மருத்துவர் பொறுமைசாலி. அறுவைக்குப் பிறகு சமதரையில் மெதுவாக மிதிக்கலாம், மலைப் பாதை, குதிப்பது எல்லாம் வாழ்நாளுக்கும் கூடாது என்று சொல்லி, ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் கொடுத்தார். ஆக, இறங்குவதானால் அதற்குள் இறங்க வேண்டும். இருநூற்றுப் பதினொரு நாள். நான் காரிலேயே கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"அவ்ளோ நாளா? இன்னொரு சைக்கிளே கட்டிரலாம் அண்ணே."

சைக்கிள் அப்போது ஆறாவது முறையாக முடிந்திருந்தது. நாளைக்கே போய் இறங்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஒரே ஒரு தடவதான் எறங்கப் போறேன். அந்த ஒரு தடவையும் அரகொறையா இருந்தா நல்லாவா இருக்கும்? பின்னாடி ஷாக்கு இன்னும் கொஞ்சம் மெத்துன்னு வரணும்."

அந்த 'மெத்து' வருவதற்கு என் முதுகுதான் செலவானது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் பின் ஷாக் தன் நீளத்தில் பத்தில் மூன்று பங்கு அமுங்க வேண்டுமாம். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. கிராம் தலைக்கவசம், முழங்கால் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை சகிதம் வரவேற்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மேல் உட்காருவார். எழுபத்திரண்டு வயதில் நான் தரையில் மண்டியிட்டு அளவுகோலால் அளப்பேன். காலையில் பதினெட்டு மில்லிமீட்டர், சரியான அளவு. மத்தியானம் பிலோமினாவின் ஆட்டுக்கறிக்குப் பிறகு இருபது. உடனே காற்றடித்துப் பதினெட்டுக்குக் கொண்டுவருவார். சாயங்காலம் பசித்தால் பதினாறு. கடைசியில், வெறும் வயிற்றில் அளப்பது, வெறும் வயிற்றிலேயே இறங்குவது என்று முடிவானது. அந்த வருடத் தவக்காலத்தில் நாற்பது நாளும் காலை உணவைத் துறந்தார். கோயிலில் எல்லோரும் அவருடைய பக்தியைப் பார்த்து உருகினார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், இன்னொருவர் கடவுள்.

அடுத்தது முட்டை. சீட்டின் மேல் ஒரு பச்சை முட்டையை டேப் போட்டு ஒட்டி, அவர் பெடலில் எழுந்து நின்றபடி லோரோங் முனையிலுள்ள மூன்று படிகளில் இறங்குவார். முட்டை உடைந்தால் ஷாக்கில் குறை. பதினொரு முட்டை உடைந்தது. பன்னிரண்டாவது பிழைத்தது. அதைக் கையில் ஏந்தி, குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோவது போல வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஒரு டஜன்ல ஒண்ணு மிச்சமா?" என்றார் பிலோமினா. "மூணு கேக்கு ஆர்டர் இருக்கு. உங்க ஷாக்கு வந்து செய்யுமா?"

அறுவைக்குப் பதினொரு நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, சைக்கிள் பதின்மூன்றாவது முறையாக முடிந்தது. துண்டு துண்டாக எடை பார்த்து எழுதியதைக் கூட்டினால் பதினான்கு கிலோ நான்கு கிராம். நான்கு கிராம் அதிகம் என்று சொல்லி, முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே எண்ணினேன். விரித்த நாளிதழ்களின் மேல் அறுபத்து மூன்று சாமான்.

சனிக்கிழமை மாலை திரும்ப மாட்டத் தொடங்கினால் அறுபத்திரண்டு. பின் ஷாக்கைச் சட்டத்தோடு பிணைக்கிற அலுமினிய வளையம், உலர்ந்த திராட்சை அளவே இருப்பது, காணவில்லை. அது இல்லாமல் சைக்கிள் நகராது. கடையில் கேட்டால் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தராசு இருந்த இடத்தைக் கிராம் திரும்பிப் பார்த்தார். தராசு அங்கே இல்லை.

"அண்ணே, வளையத்த தட்டுல வெச்சிருந்தேன். பிலோ வந்து தராச தட்டோட தூக்கிட்டுப் போயிருச்சு. அதுலதான் திராட்சைய எடை போட்டிருக்கு."

திராட்சை எங்கே? கேக்கில். கேக் எங்கே? மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் விற்பதற்காக, ஏழு பெட்டிகளில், ஏற்கெனவே போய்விட்டது.

பூசையில் கிராம் அவ்வளவு உருக்கமாக ஜெபித்து நான் பார்த்ததில்லை. கடைசி ஆசீர் முடிந்ததும் மண்டபத்துக்கு ஓடி ஆறு கேக்கை வாங்கிவிட்டோம். ஏழாவதை யாரோ ஃபாதருக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதினாறு துண்டு போட்டு விரலால் துழாவினோம். ஐந்தாவதை உதிர்த்துக்கொண்டிருக்கும்போது மேலே நிழல் விழுந்தது. பிலோமினா.

"என்ன செய்றீங்க?"

"ருசி பாக்கிறோம்லா" என்றார் கிராம்.

"அஞ்சு கேக்கா? அண்ணே, நீங்களுமா? உங்களுக்கு சீனி வியாதி இல்ல?"

நான் பதில் யோசிப்பதற்குள் ஃபாதர் வந்தார். ஒரு கன்னத்தைப் பிடித்திருந்தார். மற்ற கையை விரித்தார். உள்ளங்கையில் வளையம்.

"பிலோமினா, உன் கேக்குல இப்போ போல்ட்டும் போடுறியா?"

கிராம் பாய்ந்து அந்தக் கையிலிருந்த வளையத்தை முத்தமிட்டார். ஃபாதர் கையைத்தான் முத்தமிடுகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அன்று முழுவதும் பிலோமினா கிராமோடு பேசவில்லை. ஆனால் வளையத்திலிருந்து சீனிப் பாகு போக வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை சைக்கிள் பதினான்காவது முறையாக முடிந்தது. மறுபடி எடை போடுவதற்கு முன் நான் தராசை என் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை. அறுவைக்கு மூன்று நாள். என் காரின் பின்சீட்டை மடக்கிச் சைக்கிளை ஏற்றி மலைச் சாலையின் உச்சிக்குப் போனோம். கிராம் கவசங்களை மாட்டினார்.

"வயிறு காலிதானே தம்பி?"

"காலி. பயம் மட்டும் இருக்கு, அதுக்கு எடையில்ல" என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் இறங்கினார்.

பதினெட்டு நிமிடம் ஆகும் என்பது அவருடைய கணக்கு. நான் சாலை வழியாகச் சுற்றி வந்து, பாதை முடியும் ஜாதிக்காய்த் தோட்டத்தின் வேலியோரம் காரை நிறுத்தினேன். பதினெட்டு நிமிடம் ஆனது. இருபத்தைந்து. முப்பது. வானம் கறுத்தது. அவர் போனை எடுக்கவில்லை. என் போனில் பிலோமினா நான்கு முறை அழைத்திருந்தார். எடுத்தால் என்ன சொல்வது?

முப்பத்து நான்காவது நிமிடம் ஒரு சீனர் சைக்கிளில் இறங்கி வந்தார். வழியில் தடிமனான அங்கிள் ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். தன் ஷாக்கில் காற்று அதிகம் என்று அங்கிள் நிறுத்தி, கொஞ்சம் இறக்கிவிட்டாராம்; இப்போது வண்டி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பெருவிரலை உயர்த்திவிட்டுப் போனார். நாற்பதாவது நிமிடம் ஒரு மலாய்ப் பெண். அவருக்குச் சீட்டை இரண்டு விரல் தாழ்த்திக் கொடுத்தாராம். நாற்பத்து நான்காவது நிமிடம் பிறையில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர்.

"நீங்கதான் கீழ நிக்கிற அண்ணனா? ஒரு அங்கிள் என் செயின் சத்தத்த தூரத்திலேயே கேட்டுட்டு, நில்லு நில்லுன்னு கத்தினாரு. எறங்க வந்தவரு மாதிரியே தெரியல அண்ணே, வொர்க்‌ஷாப் தொறந்து வெச்ச மாதிரி இருக்காரு."

இவ்வளவு வருடம் காத்திருந்து, கிடைத்த ஒரே இறக்கத்தையும் ஊரார் சைக்கிளுக்குச் செலவழிக்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐம்பத்தோராவது நிமிடம் வளைவில் அவர் தெரிந்தார். பெடலில் எழுந்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது. கீழே வேர்கள் மேல் சக்கரங்கள் துள்ளின, ஷாக்குகள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன, மேலே தொண்ணூற்று மூன்று கிலோ அலுங்காமல் மிதந்து வந்தது. வேலியோரம் வந்து நின்றார். பல்லெல்லாம் சேறு.

நான் சைக்கிள் கணக்கு எழுதும் குறிப்பேட்டைத் திறந்தேன், பதினைந்தாவது முறைக்கு என்ன வேலை என்று எழுத. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு மலையைத் திரும்பிப் பார்த்தபடியே நின்றார்.

"முட்டி வலிக்குதா தம்பி?"

"வலிக்குது."

"ஷாக்குல ஏதாச்சும் கொறையா?"

"தெரியல அண்ணே. பாக்க மறந்துட்டேன்."

லீவு கேட்பவர் மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இன்னொரு தடவ எறங்கிட்டு வரட்டா?"

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் நான்கு காரணம் இருந்தது. முழங்கால், மழை, செவ்வாய்க்கிழமை, பிலோமினா. நான்கையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்தேன். மலைச் சாலையில் ஏறும்போது முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மழைக்கு முந்திவிட வேண்டுமே என்று, என் வயதுக்குக் கொஞ்சம் அதிக வேகத்திலேயே ஓட்டினேன்.