ஐந்தாவது தடவை

ஜித்தாவில் இருக்கும் அன்பு அண்ணன் ஃபரஜ் அவர்களுக்கு, முகல்லாவிலிருந்து தங்கை ஸுலைஹாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அனைவரும் நலம். என் ஆறு மாத மகள் லுப்னா எதையும் சாப்பிடுவதில்லை என்பதைத் தவிர. போனில் சொன்னால் உங்கள் அறையில் இருக்கும் ஏழு பேரும் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

லுப்னாவை உங்கள் மகன் பக்ரானுக்குத்தான் கட்டித் தர வேண்டும் என்றீர்கள். நஜாத் அண்ணியிடம் அவள் ஐந்து தடவை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டால் மார்க்கப்படி இருவரும் பால்குடி உடன்பிறப்பாகிவிடுவார்கள், பிறகு நிக்காஹ் கூடாது, கணக்கு வைத்துக்கொள் என்றீர்கள். வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு. எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளில் மூன்று, பல் பிடுங்கப் போன அன்று ஒன்று. காய்ச்சலுக்குப் பிறகு எனக்குப் பால் குறைந்துவிட்டது. புட்டிப்பாலை இவள் தொடுவதில்லை. இனி கரண்டி உணவுதான் கதி என்று பிஸ்மில்லாஹ் சொல்லிப் பூசணிக்காய் மசித்துக் கொடுத்தேன், பதினாறு கரண்டி போயிற்று, பதினேழு திரும்பி வந்தது, எப்படி என்று அல்லாஹ்வுக்கே வெளிச்சம், நேற்று அஸர் தொழுவதற்குள் மூன்று உடுப்பு மாற்றினேன், வாழைப்பழம் கொடுத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னை நீதிபதி மாதிரி பார்க்கிறாள், கஞ்சிக்கு வாயே திறக்கவில்லை, அதையும் உங்கள் பக்ரான் முடித்துவிட்டு இன்னும் என்று கத்தினான். ஒரு வயது வரை தேன் கூடாது என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் வாங்கி வந்த தேனை, நிற்கத் தெம்பு வேண்டி, நானே நக்குகிறேன்.

அண்ணியோ சும்மா இருப்பதில்லை. “அடியே ஸுலைஹா, கல்யாணத்துக்கு இருபது வருசம் கெடக்கு, புள்ளைக்கு இப்பப் பசிக்குது. உங்க அண்ணன் ஜித்தாவுல உக்காந்துக்கிட்டு என் மாருக்குப் பூட்டுப் போடுறாரு!”

“மதினி, வாக்குக் குடுத்துட்டேன்.”

“வாக்கையே ஊட்டு, குடிக்குதான்னு பாப்போம்.”

என்ன சொன்னாலும் நான் அசையவில்லை. நான்கு, நான்காகவே இருக்கும். உங்கள் உடம்புக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் காவலாக இருக்கட்டும்.

துஆவுடன்,
ஸுலைஹா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் லுஹர் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்த ஸுஜூதிலேயே தூங்கிவிட்டேன். லுப்னாவின் அழுகைதான் எழுப்பியது. அவளை நானே தூக்கிப் போய் அண்ணி மடியில் வைத்தேன். குடித்து, நிறைந்து, தானாகவே விட்டாள். நோட்டில் ஐந்து என்று எழுதிவிட்டு, ஆறு மாதத்தில் முதல் முறையாக, மூன்று மணி நேரம் தூங்கினேன். எழுந்து பார்த்தால், அதே பூசணிக்காயை அண்ணி ஊட்ட ஊட்ட வாயைத் திறக்கிறாள். உங்களுக்கு ஒரு மகள் கிடைத்திருக்கிறாள், அண்ணே. மருமகளுக்காக இன்னொரு பெண் பெற்றுத் தா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.