பல் முளைத்த நிழல்

"என்னய்யா இது, நிழலா ரம்பமா?"

முதலாளி சுவரைக் காட்டிக் கேட்டார். சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில், ஒரு பாலைவனம். அதில் ஒரு வாள்வீரன். அந்தக் கம்பெனி இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டின் நாயகன் அவன். எங்கே ஓடினாலும் கேமராவும் பின்னாலேயே ஓடுவதால் எப்போதும் நட்டநடுவில்தான் இருப்பான். அவன் காலடியில் கறுப்பாக ஏதோ ஒன்று பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது.

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றான் நிழல்காரன். விளையாட்டுக்குள் எந்த நிழல் எங்கே எப்படி விழ வேண்டும் என்று எழுதுவது அவன் உத்தியோகம். அதனால் அந்தப் பெயர்.

"உன் கம்ப்யூட்டரையா அந்தம்மா வாங்கப் போறாங்க? மாசக் கடைசியில வர்றாங்க. இதை அவங்க வாங்கினாத்தான் நமக்கெல்லாம் சோறு. அதுக்குள்ள சரியாகலேன்னா நீ வேற இடம் பாத்துக்க."

சொல்லிவிட்டு முதலாளி தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நாளாக அவருக்கு அந்தப் பழக்கம். ஆழ்ந்த சிந்தனை என்று ஊழியர்கள் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

நிழல்காரன் தன் இடத்துக்கு ஓடினான். விளையாட்டில் நிழல் என்பது குட்டிக் குட்டிக் கட்டங்களால் ஆனது. கட்டம் பெரிதாக இருந்தால் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். எல்லாக் கட்டங்களையும் பொடிப்பொடியாக்கினான். கம்ப்யூட்டர் தோசைக்கல்லாகச் சுட்டது.

அடுத்த வாரம் சுவரில் பார்த்தால், பற்கள் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தன.

"சரி பண்ணச் சொன்னா உரம் போட்டுட்டு வந்திருக்கியா?"

போய் நிழலின் ஓரங்களைப் பஞ்சு மாதிரி மங்கலாக்கினான். அதற்கடுத்த வாரம் மங்கலாக ஒரு நிழலும், அதன்மேல் பல்லோடு ஒரு நிழலும் தெரிந்தன.

"ஒண்ணு ரெண்டாச்சா? பிரமாதம்!" முதலாளி கோபத்தில் தலையை ஆட்டினார்.

"ஐயையோ, ஆடுது சார்!"

"எது?"

"நிழல் சார். வீரன் சும்மாதான் நிக்கிறான், நிழல் மட்டும் ஆடுது."

"காத்தை நிறுத்துய்யா!"

ஓடிப்போய்ப் பாலைவனத்தில் காற்றை நிறுத்தினான்.

அன்று வீட்டில், சமையலறை வாசலில் நின்று தரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு என் காலையே பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"கால் இல்லம்மா, உன் நிழல். ஓரமெல்லாம் எவ்வளவு வழவழன்னு இருக்கு!"

"கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல மொத மொதலா ஒரு நல்ல வார்த்தை. அதுவும் என் நிழலுக்கு." கரண்டியோடு திரும்பியவள், நின்று, குரலைத் தாழ்த்தினாள். "வேலை போயிடாதே? பாப்பாவை இப்பதான் புதுப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கோம்."

அவனுக்கும் அதே கவலைதான். பயமாக இருந்தது. மறுநாள் முதல் வேலையாகப் பாலைவனத்துச் சூரியனையே அணைத்தான். வானம் முழுக்க மேகம். இனி நிழலுக்கு ஏது வழி?

மாசக் கடைசியும் வந்தது. வாங்குகிற அம்மா சுவரோரமாக உட்கார்ந்தார். முதலாளி வழக்கம்போல மேசைமேல் இருந்த புரொஜெக்டருக்கு முன்னால் தன் நாற்காலியில் அமர்ந்தார். படம் விழுந்தது. மேகமூட்டம், மணல், வீரன். காலடியில், முன்னெப்போதையும்விட நீளமாக, பல்லுள்ள நிழல்.

"வெயிலே இல்லாத இடத்துல நிழல் எப்படி விழும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

முதலாளி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? நிழல்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்கி வீரனையே அழித்தான்.

கண்ணைத் திறந்தான். வெறும் மணல். அதில் நிழல் மட்டும் தன்னந்தனியாக நின்றது.

அந்த அம்மா எழுந்தேவிட்டார். "ஆளே இல்லாத நிழல்! இதுவா உங்க நாயகன்?"

"ஆமா மேடம். யோசனை என்னோடதுதான்" என்று முதலாளி தலையாட்டினார். நிழலும் தலையாட்டியது.

"அடேங்கப்பா, நாம பேசறதைக் கேட்டுத் தலை வேற ஆட்டுது! நான் வாங்கிக்கறேன். இந்த நிழலைப் போட்டவரை மட்டும் எந்தக் காலத்துலயும் விட்டுடாதீங்க."

நிழல்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது.

அப்போது கதவு திறந்தது. முதலாளியின் மனைவி, கையில் ஒரு சீப்போடு. சுவரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"ஏங்க, அந்த முடி வளர்ற தைலம் தேய்ச்சதுலேர்ந்து உச்சியில நாலு முடி நட்டுக்கிட்டு நிக்குது, படிய வாரிட்டுப் போங்கன்னு அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? இப்பப் பாருங்க, செவுத்துல அவ்வளவு பெரிசா தெரியுது!"