காற்றடித்துப் பார்த்த கனவான்கள்

மனித அறிவு ஆய்வுக்கூடங்களில்தான் வளர்கிறது என்று நம்புகிறவர்கள், எங்கள் பேருந்துப் பணிமனையின் டயர் பிரிவுக்கு ஒருமுறை வந்து போகவேண்டும். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்காத எதையும் நாங்கள் நம்புவதில்லை.

ஒருநாள் எங்கள் ஃபிட்டர் ஒரு பொட்டலத்தோடு வந்தான். மூன்றாவது பிரசவத்தில் அவன் மனைவி பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு முறை கர்ப்பமானால் உயிருக்கு உத்தரவாதமில்லை, ரத்தக் கொதிப்பு இருப்பதால் மாத்திரையும் கூடாது என்று சொல்லி, டாக்டரம்மா ஆணுறைகளைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

பொறுப்புள்ள கணவன் இதையெல்லாம் மனைவியிடமா பேசுவான்? எங்களிடம் கேட்டான்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட எதுக்குடா இது? கண்ட இடத்துக்குப் போறவன் போடுறது" என்றார் ஃபோர்மேன். ஒழுக்கத்தில் அவர் எப்போதுமே கறார்.

"போட்டா ஒண்ணுமே தெரியாது" என்றார் வெல்டர்.

"நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களாண்ணே?"

"சேச்சே! அதை நான் ஏன் தொடப்போறேன்?"

அனுபவத்தின் குறுக்கீடே இல்லாத தூய ஞானம்!

"எனக்கெல்லாம் அது பத்தாதுப்பா" என்றார் டிரைவர். உடனே அங்கிருந்த அத்தனை பேருக்கும் பத்தாது என்று தெரியவந்தது.

"வாய்ப்பேச்சு எதுக்கு? அடிச்சுப் பாத்துருவோம்" என்று எழுந்தார் ஃபோர்மேன். பேருந்து டயருக்குக் காற்றடிக்கும் குழாயையே அதில் மாட்டினார். பூசணிக்காய் அளவுக்கு உப்பியது. தாங்கியது. விடுவாரா? மேலும் அடித்தார். வெடித்தது.

"பாத்தியா? பெயிலு!"

கைதட்டினோம். தன் ஆசையும் அறிவியலும் ஒத்துப்போன நிம்மதி ஃபிட்டர் முகத்தில். மீதியையும் "பொதுநலன்" கருதி வெடிக்கவைத்துத் தீர்த்தோம். அவன் வீட்டுக்குப் போய், "காத்தடிச்சுப் பாத்தாச்சு, தாங்கல" என்று தீர்ப்பை அறிவித்தான்.

சில மாதங்களில் அவள் வயிற்றுப்பிள்ளையோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். எங்கள் டயர் பிரிவே திரண்டு பார்க்கப் போனோம். "அந்தப் பொண்ணு கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கக் கூடாதா?" என்று வழிநெடுக வருந்தினோம்.

வாசலில் நர்ஸ் மறித்தார். "உள்ள தொற்று இருக்கு. உங்களுக்கு ஒட்டிக்கும். மாஸ்க் போட்டுட்டுப் போங்க."

உயிர் விஷயமல்லவா? மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டோம். மூச்சு முட்டுகிறது என்றோ அளவு பத்தவில்லை என்றோ ஒருவரும் முனகவில்லை. கட்டின பொண்டாட்டியைப் பார்க்க இது எதற்கு என்று ஃபிட்டரும் கேட்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். குரலே எழும்பவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது:

"இதையும் காத்தடிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"