முப்பது நொடிக் காக்காய்

பெருமதிப்பிற்குரிய யசுஹிகோ மச்சான் அவர்களுக்கு,

நீகாத்தாவில் பனி உருகி, தங்கள் வயலில் மண் தலைகாட்டியிருக்கும். தங்கள் இடுப்புவலியும் பனியோடு கரைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பிளம் பூத்து உதிர்ந்தும் விட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஊரார் வாயால் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்துமூன்று வயதில், குளியலறைக் கண்ணாடி முன்னால் உள்ளாடையோடு நின்று இரண்டு கையையும் காக்காய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவர் பார்த்துவிட்டார். “மன்னிச்சுக்குங்க” என்று அவர்தான் சொன்னார்.

சிறகு எப்படி மடங்குகிறது என்று பார்க்கத்தான், மச்சான். எங்கள் தெருக்கோடியில் குப்பைப் பை வைக்கும் இடத்தில், காக்காய்கள் பைகள்மேல் போர்த்திய வலைக்கடியில் அலகை விட்டுப் பையைக் கிழித்து, யார் வீட்டில் என்ன மீன் என்று ஊருக்கே அறிவிக்கின்றன. மார்ச் கூட்டத்துக்குள் இது நிற்காவிட்டால் இடத்தையே மாற்றுவது என்று குடியிருப்போர் சங்கம் ஜனவரியில் முடிவு செய்தது. எங்கே? எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் உங்கள் தங்கை மிச்சியே நடத்தும் சாப்பாட்டுப் பொட்டலக் கடை வாசலுக்கு! பொரித்த கோழி மணக்க வேண்டிய இடத்தில் நேற்றைய மீன்தலை மணந்தால் எவன் வாங்குவான்? வலையை ஒழுங்காக மூடுவது எப்படி என்று ஒரு சின்னக் கார்ட்டூன் படம் காட்டினால் ஜனங்கள் திருந்துவார்கள் என்றார் சங்கத் தலைவி ஹோஷினா அம்மாள். “யாரு செய்யறீங்க?” என்றதும் எல்லோரும் தத்தம் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் இருமித் தொலைத்தேன். “ஆகா, தொகாஷி-சான்! புத்தாண்டு அட்டையில நீங்க வரைஞ்ச முயல் அப்படியே துள்ளிச்சே!” மச்சான், அது முயல் இல்லை, குதிரை.

நான் கற்ற முதல் பாடம்: அசையும் படத்தில் எதுவும் தானாக அசையாது. நொடிக்கு எட்டுப் படம், முப்பது நொடிக்கு இருநூற்று நாற்பது. காக்காய் வலையை ஒரு இழுப்பு இழுக்க எனக்கு மூன்று வாரம். “ஏங்க, காக்காவுக்கு எதுக்குக் கையுறை?” என்றாள் மிச்சியே. அது கால்.

எப்படியோ எல்லாத் தாளையும் வரைந்து முடித்தேன். கூட்டத்தில் எதைக் காட்டுவதானாலும் முதலில் வீடு வீடாகச் சுற்றுக்கு விட வேண்டுமே. பார்த்தவர் தம் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் வைக்க வேண்டும். நகல் அனுப்புகிறேன் என்றேன். “நகல்னா எதையோ மறைக்கிறீங்கன்னு பேசுவாங்க” என்றார் ஹோஷினா அம்மாள். அசலே போனது. முதல் வீடு ஓனுகி-சான், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. டிக்கெட்டில் குத்திய கை சும்மா இருக்குமா? மேலே இருந்த தாளில் மட்டும் குத்தாமல் இருநூற்று நாற்பதிலும் குத்திவிட்டார். முந்தைய வீட்டுக்காரர் அத்தனையிலும் குத்தியிருக்கும்போது நாம் ஒன்றில் மட்டும் குத்தினால் மரியாதையா? பதினேழு வீடும் குத்தின. நாலாயிரத்து எண்பது சிவப்பு முத்திரைகள். மறுநாள் கூட்டம்; மறுபடி வரைய நேரமில்லாமல் அந்தத் தாள்களையே இரவோடு இரவாகப் படம்பிடித்துக் கோத்தேன்.

படம் ஓடியது. காக்காயும் இல்லை, வலையும் இல்லை. திரை முழுக்க அம்மை போட்ட மாதிரி முத்திரைகள் துள்ளின. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அந்தா, எங்களுது குதிக்குது!”

“ஓனுகி-சான், தலைகீழா குத்தியிருக்கீங்களே, டிக்கெட்டையும் இப்படித்தான் குத்தினீங்களா?”

“இன்னொருவாட்டி போடுங்க!”

ஐந்து முறை போட்டேன், மச்சான். வலை என்று ஒன்று இருந்ததா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. கடைசியில் ஹோஷினா அம்மாள் எழுந்தார். “ரெண்டு மாசமா வலையைப் பத்தியே யோசிச்சிருக்காரு. இவரைவிட வலை தெரிஞ்சவங்க இந்தத் தெருவுல யாரு? குப்பை இவரு வாசல்லயே இருக்கட்டும், நமக்கும் நிம்மதி.” எல்லோரும் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். பழக்கதோஷம், நானும் குனிந்தேன். சம்மதம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டார்கள்.

குப்பை எங்கள் வாசலுக்கு மாறிப் பத்து நாளாகிறது. மிச்சியே என்னோடு பேசுவதே இல்லை. விடியுமுன் கடைக்குள் போகிறவள் மதியம்வரை தலைகாட்டுவதில்லை. நான் மாடியில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. இருபது வருடக் கடையை நான் வரைந்த காக்காய் கொத்திவிட்டது. ஆகவே நெற்றி தரையில் படக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன்: மாதாமாதம் கடைக்கு அனுப்பும் அரிசியை இந்த மாதம் நிறுத்திவிடுங்கள். புழுத்துப்போகும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நாற்று நடுவதற்குள் தங்கள் இடுப்பு நிமிரட்டும்.

இனி எங்கும் இருமாத,
தொகாஷி குனியோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் இரண்டு வரி எழுதச் சொல்லி மிச்சியேவிடம் நீட்டினேன். “போங்க அந்தப் பக்கம், பேசக்கூட நேரமில்ல” என்றாள். குப்பை போட வருகிறவர்கள் ரயிலுக்கு ஓடும்முன் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிப் போகிறார்களாம். எட்டு மணிக்கே சோறு தீர்ந்துவிடுகிறதாம். அரிசி மூன்று மூட்டை கூடுதலாக அனுப்பச் சொல்கிறாள்.